பிளேஸ்டேஷனை விற்க வருகிறவர்கள்

உங்கள் கேள்வி இது: வயது 31, ஓசூரில் வேலை, மனைவிக்கு ஏழாவது மாதம். கல்லூரிக் காலத்தில் விடிய விடிய கேம் ஆடியவர் நீங்கள். இப்போது பிளேஸ்டேஷன் 4ஐப் போட்டால் இருபது நிமிடத்தில் கொட்டாவி வந்து அணைத்துவிடுகிறீர்கள். தள்ளுபடியில் வாங்கிய கேம்கள் பிரிக்காமலே கிடக்கின்றன. வயதாகிவிட்டதா, ஆசை விட்டுப்போய்விட்டதா, பேசாமல் விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இதே கேள்வியோடு என் கடைப்படி ஏறியவர்களுக்குக் கணக்கே இல்லை.

2004இல் திருச்சியில் எட்டு சிஸ்டத்தோடு ஒரு பிரவுசிங் சென்டர் தொடங்கினேன். மெயில் பார்க்கவும் ரிசல்ட் பார்க்கவும் வருபவர்களை நம்பித் தொடங்கியது, ஆறே மாதத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட வரும் பையன்களால் ஓடத் தொடங்கியது. மணிக்கு இருபது ரூபாய். பிறகு வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்தது, சென்டர் படுத்தது. இப்போது அதே இடத்தில் கன்சோல், அதாவது பிளேஸ்டேஷன் மாதிரி கேம் பெட்டிகளை, சர்வீஸ் செய்கிறேன், பழையதை வாங்கி விற்கிறேன். ஆக, அரைக்கால் சட்டையில் வந்தவன் கல்யாணப் பத்திரிகையோடு வருவதையும், அப்புறம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துவிட்டேன்.

என் கடையில் கன்சோல் விற்பனைக்கு வரும் சமயங்கள் மூன்று. வேலை கிடைத்து ஊர் மாறும்போது, கல்யாணம் நிச்சயமானதும், குழந்தை பிறந்ததும். விற்றவர்களில் பாதிப் பேராவது திரும்ப வருகிறார்கள், குழந்தைக்கு ஐந்தாறு வயது ஆனதும். “பையன் கேக்குறான்ணே” என்பார்கள். பையன் வாசலில் நின்று நாய்க்குட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான், அப்பா டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருப்பார். எனக்கு விற்ற விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்கிப் போவார். எனக்கு லாபம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

வயது விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். விரல் மெதுவாவது உண்மைதான். 2014இல் பிளாஸ் ஒன் என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கம்ப்யூட்டர் போர் கேமை ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகள், வயது 16 முதல் 44 வரை. திரையில் புதிதாக ஒன்று தெரிந்த பிறகு கை அசைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். 24 வயதிலேயே அந்த வேகம் இறங்கத் தொடங்குகிறதாம். உங்களுக்கு இறங்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிவிட்டது, எனக்கு அதைவிட நிறைய. ஆனால் வயதில் மூத்த ஆட்டக்காரர்கள் எளிமையான வியூகங்களாலும் கீபோர்டின் ஷார்ட்கட் பட்டன்களைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துவதாலும் அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள் என்பதையும் அவர்களே கவனித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பாதிதான்.

வேகத்தைவிடப் பெரிய மாற்றம் மனதில் நடக்கிறது. குவான்டிக் ஃபவுண்ட்ரி என்ற நிறுவனம் 1,40,000க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் எதற்காக ஆடுகிறீர்கள் என்று கேட்டு, பதில்களை வயதுவாரியாகப் பிரித்து 2016இல் வெளியிட்டது. வயது ஏற ஏற அதிகமாகக் குறைவது போட்டி போடும் ஆசை. ஏறக்குறைய அப்படியே நிற்பது யோசித்துத் திட்டம் போட்டு ஆடும் ஆசை. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பதினேழு வயதில் கால்பந்து கேமில் தோற்றுவிட்டுக் கன்ட்ரோலரைச் சுவரில் அடித்து உடைத்தவன் ஒருவன் உண்டு, சர்வீஸுக்கு என்னிடம்தான் கொண்டுவந்தான். இன்று அவன் சிவிலைசேஷன் ஆடுகிறான், நிதானமாக ஒரு நாட்டையே கட்டி எழுப்பும் கேம். ஒரு ஆட்டம் மூன்று வாரம் ஓடுகிறதாம். “யாரு ஜெயிச்சா என்னண்ணே, நல்லாருக்கு” என்கிறான்.

அதனால், நீங்கள் கல்லூரியில் ஆடிய அதே வகை கேமை வாங்கி வைத்துக்கொண்டு அது பிடிக்கவில்லையே என்று கவலைப்படுகிறீர்களா என்று பாருங்கள். ஆசை விட்டுப்போகாமல் வேறு பக்கம் திரும்பியிருக்கவும் கூடும்.

அப்புறம் வேலை. நாள் முழுக்க ஒரு திரையைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு வந்தவருக்கு இன்னொரு திரையில் புது விதிகளைக் கற்றுக்கொள்ளத் தெம்பு இருக்காது. எனவே தெரிந்த கேமையே திரும்பப் போடுவார்கள். ஒரு வங்கி ஊழியர் என் வாடிக்கையாளர். நாலு வருடமாக யூரோ டிரக் சிமுலேட்டர் 2 தவிர எதையும் தொடவில்லை. ஸ்டியரிங் செட் வாங்கி மாட்டிக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறார். வேலை முடிந்து வந்து இன்னொரு வேலையா என்று கேட்டேன். “இங்க டோக்கன் நம்பர் கூப்பிட வேண்டியதில்லையே” என்றார். இதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பணம் இதில் ஒரு வேடிக்கை செய்கிறது. அந்தக் காலத்தில் வைஸ் சிட்டி என்ற கேமின் ஒரே சிடி தெருவையே சுற்றி வந்தது. நேரம் மலையாகக் கிடந்தது, காசு இல்லை. சம்பளம் வந்த பிறகு தலைகீழ். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் 2015இலிருந்து ரூபாயிலேயே விலை போடுகிறார்கள், கோடையிலும் டிசம்பரிலும் தள்ளுபடி. வாங்கும்போது அந்தக் கேமோடு சேர்த்து அதை ஆடப்போகும் ஒரு நீண்ட ஞாயிற்றுக்கிழமையையும் வாங்குவதாக மனது நினைத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் பிரிக்காமல் கிடப்பவை அப்படி வாங்கிய ஞாயிற்றுக்கிழமைகள். இதற்குக் குற்ற உணர்ச்சி தேவையில்லை. புத்தகம் வாங்கி அடுக்குபவர்கள் இதைவிட மோசம்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். குடும்பம் வந்த பிறகு நேரம் குறைகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். குறைகிறது, சரி. ஆனால் அதைவிட, நேரம் உடைகிறது. மூன்று மணி நேரம் ஒரே துண்டாகக் கிடைப்பதும், ஒன்பது இருபது நிமிடங்களாகக் கிடைப்பதும் கணக்கில் ஒன்றுதான், கேமில் ஒன்றல்ல. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இன் கதை முடிய ஏறக்குறைய ஐம்பது மணி நேரம் ஆகும். வாரத்தில் மூன்று இருபது நிமிடம் என்றால் முடிக்க ஒரு வருடம். போதாததற்கு, பனிமலையில் குதிரை நகரும் அந்த முதல் அத்தியாயத்திலேயே ஒரு மாதம் போய்விடும். முந்தின வாரம் யாரைத் தேடிப் போனோம் என்பதே நினைவிருக்காது. அருமையான கேம், ஆனால் கைக்குழந்தை வீட்டுக்கு ஆகாது.

ஆகையால் இந்த வயதில் கேமைத் தேர்ந்தெடுக்க என் கேள்வி ஒன்றுதான்: நடுவில் எழுந்து போனால் அது என்ன செய்யும்?

டோட்டா 2 மாதிரி, ஐந்து பேர் அணியாக ஆன்லைனில் மோதும் கேமில் எழுந்து போகவே முடியாது. ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கும், மீதி நாலு பேர் உங்களைத் திட்டுவார்கள், அடிக்கடி பாதியில் விட்டால் தண்டனையாகத் தனி வரிசையில் தள்ளிவிடுவார்கள். எல்டன் ரிங் தனியாக ஆடுவதுதான், ஆனால் வழக்கமான நிறுத்தப் பொத்தான் கிடையாது. கேமை விட்டு வெளியேறினால் நின்ற இடத்திலேயே சேமித்துக்கொள்ளும், பெரிய எதிரியோடு சண்டையில் இல்லாதவரை அது ஒரு வழி. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேம் இன்னொரு மாதிரி: உள்ளே ஒரு நாள் என்பது நமக்குச் சுமார் 14 நிமிடம், படுத்தால்தான் சேமிக்கும். ஒரு நாள் உழுதுவிட்டு, படுத்துவிட்டு, தொட்டிலை ஆட்டப் போகலாம். வேம்பயர் சர்வைவர்ஸில் ஒரு சுற்று பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நிறுத்தியும் வைக்கலாம்.

இதில் உங்கள் பிளேஸ்டேஷன் 4 ஒரு உபகாரம் செய்கிறது. 2015 மார்ச்சில் வந்த 2.50 அப்டேட்டிலிருந்து, ரெஸ்ட் மோடில் போட்டால் கேம் நின்ற இடத்திலேயே தூங்கும், எழுப்பினால் அங்கேயே தொடரும். இதைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு தடவையும் முழுதாக அணைத்துவிட்டு, போட்டதும் லோகோ, எச்சரிக்கை, மெனு, லோடிங் என்று ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். இருபதில் ஐந்து போனால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்? கரண்ட் அடிக்கடி போகும் பகுதி என்றால் மட்டும் ஒரு யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பத்தா தாயம் ஆடியது இப்படித்தான். முற்றத்தில் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருக்கும். உலை கொதித்தால் எழுந்து போவார், காய் அப்படியே இருக்கும், வந்து தொடர்வார். ஒரு ஆட்டம் இரண்டு நாள்கூட ஓடியதுண்டு. வீட்டு வேலைக்கு நடுவே ஆடுகிறவர்களுக்கான ஆட்டம் அப்படித்தானே இருக்க முடியும்.

இதற்கு நேர் எதிரானவை, வராவிட்டால் தண்டிக்கும் கேம்கள். தினமும் உள்ளே வந்தால் பரிசு, இந்தச் சீசனுக்குள் பேட்டில் பாஸ் என்ற பரிசு வரிசையை முடிக்காவிட்டால் போயிற்று என்று மிரட்டுபவை. கல்லூரியில் இது உற்சாகமாக இருந்திருக்கும். வேலையும் குழந்தையும் இருக்கும் வீட்டில் இது மூன்றாவது ஷிஃப்ட். வெட்டிவிடுங்கள்.

நேரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு, அதை நீங்கள் எழுதவில்லை. கூட ஆடிய ஆட்கள். என் சென்டரில் ஒரு எட்டுப் பேர் கும்பல் இருந்தது. சனிக்கிழமை மதியம் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் டஸ்ட் 2 என்ற களத்தைப் போட்டால் ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கும்வரை சத்தம்தான். பிறகு பெங்களூர், சென்னை, துபாய் என்று பிரிந்தார்கள். 2020 ஊரடங்கில் அதிசயமாகத் திரும்பச் சேர்ந்தார்கள், பப்ஜியில். தினமும் ராத்திரி பத்து மணி. இரண்டு பேருக்குக் குழந்தை இருந்தது, ஒருவருக்கு வேலை போயிருந்தது, ஆனாலும் பத்து மணிக்கு வந்துவிடுவார்கள். அந்த வருடம் செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அதே கேம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் இறக்கிக்கொண்டார்கள். அதற்குள் ஆபீஸ் திறந்துவிட்டது, ஆளுக்கொரு நேரம். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: கேம் பிடிக்காமல் போகவில்லை, தனியாக ஆடினால் அது வெறும் சுடுகிற கேமாக இருக்கிறது.

இருபது நிமிடத்தில் உங்களுக்கு வரும் கொட்டாவியில் இதற்கும் பங்கு இருக்கலாம். ஒரே நேரத்தில் எல்லோரும் சேர்வது இனி நடக்காது. அந்த எட்டுப் பேரில் நாலு பேர் இப்போது செஸ் ஆடுகிறார்கள், ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம் வைத்து. துபாய்க்காரர் மதிய உணவு வேளையில் குதிரையை நகர்த்துவார், பெங்களூர்க்காரர் மறுநாள் டிராஃபிக்கில் பதில் சொல்வார். ஆட்டத்தைவிட அதன் கீழே நடக்கும் கிண்டல்தான் அவர்களுக்கு முக்கியம்.

உங்கள் மனைவி கேம் ஆடுவாரா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. என் சென்டரில் பெண் பிள்ளைகள் மெயில் பார்க்க வந்தார்கள், அப்ளிகேஷன் போட வந்தார்கள், கேம் ஆட உட்கார்ந்ததில்லை. பையன்கள் போட்ட சத்தத்தில் யார் உட்காருவார்கள்? அந்தச் சூழலை மாற்ற நானும் ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் கேம் என்பது செல்போன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. கேண்டி கிரஷில் ஐந்து உயிர், ஒன்று போனால் திரும்ப வர அரை மணி நேரம். குக்கர் விசிலுக்கு நடுவே ஆடத் தோதானது. அதை ஆடுகிறவர்கள் தங்களைக் கேமர் என்று சொல்லிக்கொள்வதில்லை, கணவர்களும் அப்படி நினைப்பதில்லை. என் மனைவி நாலாயிரமாவது லெவலைத் தாண்டியபோதுதான் எனக்கே உறைத்தது, இந்த வீட்டில் தினமும் தவறாமல் ஆடுகிறவர் நான் இல்லை என்று.

உங்கள் மனைவிக்கு விருப்பம் இருந்தால் இட் டேக்ஸ் டூ என்ற கேமைப் போட்டுப் பாருங்கள். 2021இல் வந்தது, இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஆடவே முடியும், பிளேஸ்டேஷன் 4இல் ஓடும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதல்லவா, முடித்துவிடலாம். கதை விவாகரத்து செய்துகொள்ளப்போகும் தம்பதியைப் பற்றியது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழந்தை பிறந்தபின் கேமால் வரும் சண்டைகள் என் கடைக்கு வந்து சேரும், விற்பனை வடிவில். நான் கேட்டவரை, பாதிச் சண்டைக்குக் காரணம் கன்சோல் அல்ல, ஹெட்போன். இரண்டு காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தால், குழந்தை அழுவது ஒருவருக்கு மட்டும்தான் கேட்கும். ஒரு காதைத் திறந்து வையுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் ஆடினால் அவருக்கும் ஒரு மணி நேரம் குழந்தை இல்லாமல் கிடைக்க வேண்டும், தூங்குவதற்கென்றாலும் சரி. இதை வாயால் பேசி வைத்துக்கொண்ட வீட்டிலிருந்து கன்சோல் விற்பனைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

முதல் மூன்று மாதம் நீங்கள் நினைப்பதைவிட ஆடுவீர்கள். குழந்தை மார்மேல் தூங்கும், எழுந்தால் விழித்துவிடும், ஒரு கை சும்மா இருக்கும். போனில் ஸ்லே த ஸ்பயர் மாதிரி, அவசரப்படுத்தாத சீட்டுக்கட்டு வகை கேம்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. தவழத் தொடங்கிய பிறகுதான் வறட்சி. ஒயர் இழுபடும், கன்ட்ரோலர் வாய்க்குள் போகும். சர்வீஸுக்கு வரும் கன்ட்ரோலரைப் பார்த்தே வீட்டு நிலவரம் சொல்லலாம். ஆர்2 பட்டனின் ஸ்பிரிங் போயிருந்தால் கால்பந்து ஆடும் கல்லூரிப் பையன், இடது குச்சி தானாக நகர்ந்தால் துப்பாக்கி கேம், குச்சியின் ரப்பரில் பல் தடம் இருந்தால் ஒன்றரை வயதுக் குழந்தை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். முப்பதைத் தாண்டி, சம்பளமும் கடனும் உள்ளவர்கள் சிலர் கேம் ஆட நேரமில்லை என்று போனில் ரம்மிக்குப் போனார்கள். அது கேம் பழக்கத்தின் அடுத்த கட்டம் அல்ல, சூதாட்டம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அதற்குள் கன்சோலையும் பைக்கையும் விற்றவர்களை எனக்குத் தெரியும்.

வயது கூடினால் ஆட்டம் நின்றே போகும் என்றும் இல்லை. ஜப்பானில் 1930இல் பிறந்த ஹமாகோ மோரி என்ற பாட்டி 51 வயதில்தான் முதன்முதலாக வீடியோ கேம் ஆடத் தொடங்கினார். 90 வயதில், உலகிலேயே வயதான கேமிங் யூடியூபர் என்று கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. அவர் விரும்பி ஆடியவற்றில் துப்பாக்கி கேம்களும் உண்டு. 24 வயதில் விரல் மெதுவாகிறது என்ற ஆய்வை யாராவது அவரிடம் காட்டியிருப்பார்களா தெரியாது.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். டிஸ்க்கை வெளியே எடுத்து உறையில் போடுங்கள். இன்ஸ்டால் செய்தவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுங்கள், எதை ஆடலாம் என்று மெனுவில் அலைவதிலேயே இருபது நிமிடம் போய்விடும். ஆடாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கன்ட்ரோலரைச் சார்ஜ் போடுங்கள், காலியாகவே கிடந்தால் பேட்டரி செத்துவிடும். தூசு தட்டுங்கள், கரப்பான் பூச்சிக்குப் பிளேஸ்டேஷன் 4இன் கதகதப்பு ரொம்பப் பிடிக்கும். பிளேஸ்டேஷன் 5 இப்போது வேண்டாம். என்றைக்காவது வாங்கினால் டிஸ்க் போடும் வகையை வாங்குங்கள், உங்களிடம் உள்ள 4இன் டிஸ்க்குகள் பெரும்பாலும் அதில் ஓடும்.

பெட்டி இப்போது டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்தால், பிரசவத்துக்கு முன்பே மேலே ஏற்றிவிடுங்கள். போன மாதம் டிஸ்க் எடுக்கவில்லை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். திறந்தேன். உள்ளே மூன்று இரண்டு ரூபாய் நாணயம், பாதி பிஸ்கட், அப்பாவின் ஏடிஎம் கார்டு. கார்டைத்தான் அவர்கள் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம்.